பொதுவகக் காணொளியை உலாவியிலேயே வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் நாம் பார்க்கும் படங்கள், ஒலிகள், காணொளிகளில் பெரும்பகுதி விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கின்றன. 2004 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய இந்தக் கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதி உள்ள) ஊடகக் களஞ்சியத்தில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. அங்கே ஏற்கெனவே இருக்கும் காணொளியை நம் கணினிக்கு இறக்காமல், எந்த மென்பொருளும் நிறுவாமல், உலாவிக்குள்ளேயே வெட்டித் திரும்ப ஏற்ற உதவுவது வீடியோகட்டூல் என்ற கருவி. மாணவர்கள் கட்டற்ற மென்பொருள் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் 2019ஆம் ஆண்டு உருவானது. தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

இந்தக் கருவியால் என்னென்ன செய்ய முடியும்?

நான்கு வேலைகள். நீளத்தைக் குறைக்கலாம், அதாவது 12 நிமிடக் காணொளியிலிருந்து உங்களுக்கு வேண்டிய 40 விநாடியை மட்டும் எடுக்கலாம். ஓரத்தைக் கத்தரிக்கலாம். படுத்துக் கிடக்கும் காணொளியை நிமிர்த்தலாம். ஒலியை நீக்கலாம். ஒரே காணொளியில் பல துண்டுகளைக் குறித்துவிட்டு, அவற்றைத் தனித்தனிக் கோப்பாகவோ ஒன்றாகக் கோத்து ஒரே கோப்பாகவோ வாங்கவும் வழி உண்டு. அவ்வளவுதான். விளைவுகள், நிறத் திருத்தம், தலைப்பு எழுத்து ஆகியவற்றை இதில் தேட வேண்டாம்.

என் பழைய மடிக்கணினியில் ஓடுமா?

ஓடும். வெட்டும் வேலை உங்கள் கணினியில் நடப்பதில்லை. நீங்கள் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று மட்டுமே சொல்கிறீர்கள். விக்கிமீடியாவின் வழங்கியில் (சர்வரில்) எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருள் அதைச் செய்து முடிக்கிறது. நினைவகம் குறைந்த கணினி வைத்திருக்கும் மாணவருக்கும், 2 ஜிபி கோப்பை இறக்கவும் திரும்ப ஏற்றவும் இணையப் பொதி போதாதவருக்கும் இது பெரிய உதவி. கைப்பேசியிலும் திறக்கலாம். ஆனால் சின்னத் திரையில் விரலால் விநாடியைச் சரியாகப் பிடிப்பது கடினம். முடிந்தால் கணினியில் செய்யுங்கள்.

எப்படித் தொடங்குவது?

உங்கள் விக்கிமீடியா கணக்கோடு கருவிக்குள் நுழையுங்கள். விக்கிப்பீடியாவில் வைத்திருக்கும் அதே கணக்குதான். உங்கள் கடவுச்சொல் கருவிக்குப் போவதில்லை. உங்கள் பெயரில் பதிவேற்ற அனுமதி தருகிறீர்களா என்று விக்கிமீடியா தளம் கேட்கும், அதற்கு ஒப்புதல் கொடுத்தால் போதும். பிறகு பொதுவகத்தில் அந்தக் காணொளி இருக்கும் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டுங்கள். காணொளி திறந்ததும் தொடக்க நேரம், முடிவு நேரம் கொடுங்கள். முன்னோட்டம் பாருங்கள். பிறகு பதிவேற்றுங்கள்.

முன்னோட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. பேச்சின் முதல் சொல் பாதியில் அறுபட்டிருப்பது காதால் கேட்டால்தான் தெரியும். வெட்டுமிடத்தை அரை விநாடி முன்னால் வையுங்கள், பேச்சுக்கு முன் வரும் மூச்சு அதற்குள் அடங்கிவிடும்.

வெட்டத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானேதான் எடுத்துப் போடுகிறேன். ஏனென்றால் பாதி நேரம் வெட்டவே தேவையில்லை.

கட்டுரையில் காணொளியின் ஒரு பகுதி மட்டும் ஓட வேண்டுமென்றால், விக்கி மென்பொருளிலேயே அதற்கு வழி இருக்கிறது. ‘படிமம்:’ என்று தொடங்கும் வரியில், கோப்பின் பெயருக்குப் பின் ஒரு குத்துக்கோடு போட்டு ஸ்டார்ட்=1:30 என்றும், இன்னொரு குத்துக்கோட்டுக்குப் பின் எண்ட்=1:50 என்றும் ஆங்கில எழுத்தில் தட்டினால், வாசகர் அழுத்தும்போது அந்த 20 விநாடி மட்டும் ஓடும். முகப்பில் எந்தக் காட்சி நிற்க வேண்டும் என்பதை தம்ப்டைம் என்ற அளபுருவை அதேபோல எழுதிச் சொல்லலாம். கருவிக்குப் போக வேண்டாம், புதுக் கோப்பும் வேண்டாம்.

எப்போது வெட்டுவது நல்லது? அந்தத் துண்டு தானே ஒரு பொருளாக நிற்கும்போது. மண்பாண்டம் செய்வதை 16 நிமிடம் எடுத்து ஏற்றியிருந்தேன். மண் பிசைதல், திருவை (குயவர் சக்கரம்) சுற்றுதல், கழுத்து எழுப்புதல், சூளை எல்லாம் அதில் இருந்தன. அப்படியே கிடந்தபோது எந்தக் கட்டுரையும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. திருவையில் கழுத்து எழும் 45 விநாடியை மட்டும் தனிக் கோப்பாக்கி, தனிப் பெயரும் பகுப்பும் (பொருள்வாரி வகைப்பாடு) கொடுத்த பிறகுதான் தேடுபவர் கையில் அது கிடைத்தது. நீளமான காணொளிக்குள் புதைந்திருக்கும் காட்சியைத் தேடுபொறி கண்டுபிடிக்காது. பெயரிட்ட துண்டு கண்ணில் படும்.

2011-12இல் நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டியிலும் அதற்குப் பிறகும் தமிழர் வாழ்வைக் காட்டும் கோப்புகள் நிறையப் பொதுவகத்துக்கு வந்தன. நீளமான காணொளி எதையாவது அங்கே கண்டால், அதில் எத்தனை கட்டுரைக்கான துண்டு இருக்கிறது என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கைப்பேசியில் எடுத்த எம்பி4 கோப்பைப் பொதுவகம் ஏற்க மறுக்கிறதே?

மறுக்கத்தான் செய்யும். எம்பி4 கோப்புகளில் வழக்கமாக இருக்கும் எச்.264 குறிமுறைக்கு, அதாவது காணொளியைச் சுருக்கி எழுதும் முறைக்குக் காப்புரிமைகள் இருந்ததால், கட்டற்ற களஞ்சியத்தில் அதற்கு இடம் தரலாமா என்று 2014இல் பொதுவகச் சமூகத்திடம் கேட்கப்பட்டது. வேண்டாம் என்பதே முடிவு. வெப்எம் வடிவில் மாற்றி ஏற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் குறிமுறை விபி8, விபி9, ஏவி1 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். பழைய ஓக் தியோரா வடிவும் செல்லும், இன்று புதிதாக அதில் ஏற்றக் காரணமில்லை.

மாற்றும் வேலைக்கு வீடியோ2காமன்ஸ் என்ற இன்னொரு இணையக் கருவி உண்டு. அதில் எம்பி4 கோப்பைக் கொடுத்தால் வெப்எம் ஆக்கிப் பொதுவகத்தில் சேர்த்துவிடும்.

வெட்டியபின் தரம் குறைகிறதா?

குறையும், கொஞ்சம். காணொளிக் கோப்பு என்பது முழுப் படங்களின் அடுக்கு அல்ல. இடையிடையே ஒரு முழுச் சட்டகம் (முழுப் படம்) இருக்கும், அதற்கு அடுத்து வருபவை எல்லாம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. 128 படங்களுக்கு ஒரு முழுச் சட்டகம் உள்ள கோப்பில், விநாடிக்கு 25 படம் என்றால், ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறைதான் முழுப் படம் வரும். இரண்டு முழுச் சட்டகங்களுக்கு நடுவே வெட்ட வேண்டுமென்றால் அந்தப் பகுதியைப் பிரித்து மீண்டும் குறிமுறையாக்க வேண்டும். ஓரம் கத்தரித்தாலோ சுழற்றினாலோ எல்லாப் படத்தையும் புதிதாகக் குறிமுறையாக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை அப்படிச் செய்யும்போதும் நுணுக்கம் சிறிது கரையும்.

ஒருமுறை செய்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இன்று நீளம் குறைத்து ஏற்றி, நாளை அதை எடுத்து ஓரம் கத்தரித்து ஏற்றி, மறுநாள் அதைச் சுழற்றி ஏற்றினால் தெரியும். இலை அசைவும் நீரோட்டமும் முதலில் கட்டம் கட்டமாகும். ஆகவே எல்லாத் திருத்தத்தையும் ஒரே தடவையில் செய்யுங்கள். இன்னொரு துண்டு வேண்டுமென்றால் துண்டிலிருந்து எடுக்காமல் மூலக் கோப்பிலிருந்து எடுங்கள். காணொளி உங்களுடையதே என்றால், கேமராவில் இருந்த கோப்பை உங்கள் கணினியிலேயே வெட்டி ஒரே முறை வெப்எம் ஆக்கி ஏற்றுவது எல்லாவற்றிலும் நல்லது.

மூலக் கோப்பின் மேலேயே ஏற்றலாமா, புதுக் கோப்பாக ஏற்ற வேண்டுமா?

புதுக் கோப்பாக. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

பொதுவகத்தின் ஒரு கோப்பை எத்தனை மொழி விக்கிப்பீடியாக்கள் எடுத்தாள்கின்றன என்பது அந்தக் கோப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும். தொடங்கிய காலத்தில் நான் அதைப் பார்க்காமல், வேறொருவர் ஏற்றிய 22 நிமிடக் காணொளியின் மேல் என் 30 விநாடித் துண்டை ஏற்றிவிட்டேன். எங்கோ ஒரு மொழிக் கட்டுரையில் ‘14ஆம் நிமிடத்தில் காணலாம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த 14ஆம் நிமிடமே இல்லாமல் போயிற்று. பழைய பதிப்புக்கு மீட்டுத் தந்தவர் என்னைத் திட்டவில்லை, மேலெழுதல் பற்றிய கொள்கைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் என் பேச்சுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்று படித்தது இன்றுவரை கைகொடுக்கிறது.

அந்தக் கொள்கை சொல்வது எளிது. தலைகீழாக இருந்ததை நிமிர்த்துவது, தொடக்கத்தில் வரும் இரண்டு விநாடிக் கறுப்புத் திரையை நீக்குவது போன்ற சிறு திருத்தம் என்றால் மேலேயே ஏற்றலாம். உள்ளடக்கம் மாறுகிறது என்றால் புதுப் பெயரில் தனிக் கோப்பு. புதிதாகச் சேர்ந்தவர்கள் பிறர் கோப்பின்மேல் ஏற்றுவதற்குப் பொதுவகம் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இதனால்தான்.

மேலே ஏற்றிவிட்டால் பழைய பதிப்பு அழிந்துவிடும்தானே?

அழியாது. இது பலருக்குத் தெரிவதில்லை, தெரியாமல் இருப்பதால் தீங்கும் நேர்கிறது.

கோப்புப் பக்கத்தில் ‘கோப்பின் வரலாறு’ என்று ஒரு பட்டியல் இருக்கும். இதுவரை ஏற்றிய ஒவ்வொரு பதிப்பும் அங்கே நேரக்குறிப்போடு நிற்கும், யார் வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்கலாம். ஊர்த் திருவிழாக் காணொளியில் ஒரு வீட்டுக்குள் குளித்துவிட்டு வந்தவர் தெரிந்துவிட்டார், அந்த ஐந்து விநாடியை வெட்டி மேலே ஏற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் அவர் இல்லை. வரலாற்றில் இருக்கிறார். கைப்பேசி எண் தெரியும் கடைப் பலகைக்கும், முகம் காட்ட விரும்பாத பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட காரணத்துக்காக வெட்டியிருந்தால், பழைய பதிப்பை மறைக்கச் சொல்லிப் பொதுவக நிருவாகிகளிடம் கேளுங்கள். காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். தனிப்பட்ட விவரம் என்றால் பொதுப்பக்கத்தில் எழுதாமல் நிருவாகிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், இல்லையென்றால் நீங்கள் மறைக்கப் பார்த்ததைப் பத்துப் பேர் வந்து பார்ப்பார்கள்.

பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. என்ன செய்வது?

தமிழ்நாட்டில் எடுக்கும் காணொளிகளில் இதுதான் முதல் தலைவலி. கோயில் கொடை, பொங்கல் விளையாட்டு, சந்தை எங்கே போனாலும் ஒலிபெருக்கி இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்பு உண்டு. 1990இல் வந்த பாட்டின் ஒலிப்பதிவு 2050 முடியும்வரை உரிமையாளருடையது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அதற்கும் தனி, அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். உங்கள் காணொளிக்கு நீங்கள் கட்டற்ற உரிமம் கொடுக்கலாம். அந்தப் பாட்டுக்குக் கொடுக்க முடியாது.

ஒலியை முழுதாக நீக்குவது எளிய வழி. ஆனால் பறையாட்டக் காணொளியில் ஒலியை நீக்கினால் மிஞ்சுவது என்ன? ஆகையால் முதலில் பாட்டு இல்லாத இடத்தைத் தேடுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே 30 விநாடி கிடைத்தாலும் போதும், அதை மட்டும் எடுங்கள். துண்டுகளைக் கோக்கும் வசதி இங்கேதான் உண்மையில் பயன்படும். எங்கும் பாட்டு நிறைந்திருந்தால் மட்டும் ஒலியை நீக்குங்கள். பாட்டோடு ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால் முந்தைய பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும், பழைய பதிப்பை மறைக்கச் சொல்ல வேண்டும்.

தெருவில் நிற்கும் சிலையைப் பற்றியும் கேட்கிறார்கள். பொது இடத்தில் நிலையாக நிற்கும் கலைப்படைப்பு திரைப்பதிவில் வருவதை இதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கவலை வேண்டாம்.

விவரப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

கருவி ஏதாவது நிரப்பிக் கொடுத்தாலும் அதை அப்படியே விடாதீர்கள். ஆக்கியவர் என்ற இடத்தில் முதலில் வர வேண்டியது காணொளி எடுத்தவர் பெயர். உங்கள் பெயர் அதற்குப் பின், ‘வெட்டியவர்’ என்ற குறிப்போடு. மூலம் என்ற இடத்தில் மூலக் கோப்பின் இணைப்பு. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை எடுத்தீர்கள் என்பதையும் எழுதினால் பின்னால் வருபவர் உங்களை வாழ்த்துவார். தேதி என்பது காட்சி எடுத்த நாள், நீங்கள் வெட்டிய நாள் அல்ல.

உரிமம் மூலத்துக்கு எதுவோ அதுவே. மூலம் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 என்றால் துண்டும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும், மாற்றம் செய்ததையும் சொல்லியாக வேண்டும். இவை உரிமத்தின் நிபந்தனைகள், விருப்பமிருந்தால் செய்வதற்கான மரியாதைகள் அல்ல. இதற்கென்றே ‘எக்ஸ்ட்ராக்டட் ஃப்ரம்’ என்ற வார்ப்புரு (ஆயத்தக் குறிப்பு) இருக்கிறது. அதைத் துண்டின் பக்கத்தில் போடுங்கள். மூலக் கோப்பின் பக்கத்திலும் ‘இதிலிருந்து இந்தத் துண்டு எடுக்கப்பட்டது’ என்று பிற பதிப்புகள் பகுதியில் குறியுங்கள். தாயிலிருந்து பிள்ளைக்கும் பிள்ளையிலிருந்து தாய்க்கும் வழி தெரிய வேண்டும். அந்த வழி அறுந்துபோன துண்டை, எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று தெரியாத துண்டை, நம்பிக் கட்டுரையில் சேர்க்க எனக்குக் கை வருவதில்லை.

பகுப்புகளையும் திரும்பப் பாருங்கள். 16 நிமிடக் காணொளிக்குப் பொருந்திய ‘சூளைகள்’ பகுப்பு, சூளையே வராத 45 விநாடிக்குப் பொருந்தாது.

பெயர் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம். காணொளியில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெயர் சொன்னால் போதும். ‘வெட்டு 2’, ‘இறுதி’, ‘புதியது’ வேண்டாம். தலைப்புரைகளை (கோப்பின் ஒருவரி விளக்கங்களை) தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தால் இரண்டு மொழியில் தேடுபவருக்கும் கிடைக்கும்.

தமிழில் விளக்க எழுத்தைக் காணொளி மேலேயே போடலாமா?

இந்தக் கருவியில் முடியாது. வேறு மென்பொருளில் முடிந்தாலும் போடாதீர்கள் என்பேன். படத்தோடு ஒட்டிப்போன தமிழ் எழுத்தை மலையாள விக்கிப்பீடியராலோ இந்தோனேசிய விக்கிப்பீடியராலோ கழற்ற முடியாது. சுத்தமான காட்சியை ஏற்றிவிட்டு, சொற்களைச் சப்டைட்டிலாகத் தனியே கொடுங்கள். பொதுவகத்தில் ஒவ்வொரு காணொளிக்கும் ‘டைம்டுடெக்ஸ்ட்’ என்ற பெயர்வெளியில் (பக்கங்களின் தனிப் பிரிவில்) மொழிக்கு ஒன்றாக எஸ்ஆர்டி வடிவில், அதாவது நேரமும் சொற்களும் வரிசையாக வரும் எளிய எழுத்து வடிவில், சப்டைட்டில் பக்கம் எழுதலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். மூலக் காணொளிக்குச் சப்டைட்டில் இருந்தால் அது துண்டோடு தானாக வராது. நகலெடுத்துப் புதுப் பக்கத்தில் வைத்து நேரங்களை மாற்ற வேண்டும். 3 நிமிடம் 10 விநாடியில் வெட்டத் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு வரியிலிருந்தும் 190 விநாடி கழியுங்கள்.

யூடியூபில் உள்ளதை எடுத்து வெட்டலாமா?

அந்தக் காணொளியின் விவரத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று இருந்தால் மட்டும். அப்போதும் ஏற்றியவர்தான் எடுத்தவரா என்று பாருங்கள். பிறர் படத்தை எடுத்துப் போட்டுவிட்டு இந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்திருப்பவர்கள் நிறைய. முதலில் முழுக் காணொளியையும் பொதுவகத்துக்குக் கொண்டுவாருங்கள். பொதுவகத்தார் உரிமத்தைச் சரிபார்க்கும் உரிம மறுஆய்வுக்குக் குறி போடுங்கள், நாளை அவர் உரிமத்தை மாற்றினாலும் காணொளியையே நீக்கினாலும் அந்த ஆய்வுக் குறிப்புதான் சான்று. அதன்பின் துண்டு எடுங்கள். அமெரிக்க விண்வெளி முகமையான நாசாவே எடுத்து வெளியிடும் காணொளிகள் பொதுவாகப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் இருப்பதால் அறிவியல் கட்டுரைகளுக்கு அவை நல்ல சுரங்கம். ஏவுதல், விண்நடை என்று பொதுவகத்தில் நிறையக் கிடக்கின்றன.

ஏற்றிவிட்டேன், ஆனால் ஓடவில்லை அல்லது மங்கலாக இருக்கிறது.

காத்திருங்கள். ஏற்றியதும் பொதுவகம் 240, 360, 480, 720 என்று பல அளவுகளில் அதே காணொளியைத் தானே தயாரிக்கும். இணைய வேகம் குறைந்தவருக்குச் சிறியது போகும். வரிசையில் முன்னால் பல கோப்புகள் நின்றால் நேரம் எடுக்கும். கோப்புப் பக்கத்தின் கீழே எந்த அளவு தயார், எது இன்னும் ஆகவில்லை என்ற பட்டியல் இருக்கும். திரும்பத் திரும்ப ஏற்றினால் வரிசை இன்னும் நீளும்.

கருவி பாதியில் நின்றுவிட்டது.

இது பலரும் பங்கிட்டுக்கொள்ளும் வழங்கி. நீளமான, உயர்தரக் காணொளிக்கு விபி9 குறிமுறையாக்கம் காணொளியின் நீளத்தைவிட அதிக நேரம் எடுக்கலாம். சிறு சிறு துண்டாக முயலுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் பிழைச் செய்தியோடு கருவியின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். இதைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், எந்தக் கோப்பு, எந்த நேரக்குறிப்பு என்று தெளிவாகச் சொன்னால் அவர்கள் நேரம் மிஞ்சும்.

தவறான துண்டை ஏற்றிவிட்டேன், நீக்க முடியுமா?

ஏற்றியவரே, ஏற்றிய ஏழு நாளுக்குள், எந்தக் கட்டுரையும் பயன்படுத்தாத நிலையில் கேட்டால் விரைவு நீக்கம் கிடைக்கும். ஏழு நாள் கடந்தால் வழக்கமான நீக்கல் உரையாடலுக்குப் போகும், அங்கே மற்றவர்கள் ‘பயனுள்ளது, இருக்கட்டும்’ என்று சொல்லவும் கூடும். எனவே ஏற்றிய அன்றே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், ஒலியோடு.